கரண்ட் போனால் ஹாலில் தண்ணீர்: மீன் தொட்டி வாசகர் கேள்விகள்

மீன் தொட்டி பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் நிறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கரண்ட் போகிறது, கீழே இருக்கும் சம்ப் நிரம்பி வழிகிறது, வீடு நனைகிறது. அதனால் மீன் வியாதி, தீனி பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சம்ப் என்று இங்கே சொல்வது வாசலில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை அல்ல, மீன் தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் வைக்கும் ஃபில்டர் தொட்டியை.

கேள்வி: காந்தி நகரில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். 4 அடி தொட்டி, கீழே இரண்டரை அடி சம்ப். கரண்ட் போகும்போதெல்லாம் சம்ப் வழிந்தது. கடைக்காரர் சொன்னபடி பம்ப்பிலிருந்து மேலே போகும் பைப்பில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டோம். சில மாதம் பிரச்சினை இல்லை. போன ஷட்டவுன் அன்று வீட்டில் யாரும் இல்லை, திரும்பி வந்து பார்த்தால் ஹால் முழுக்கத் தண்ணீர், கீழ் வீட்டு சீலிங்கில் சொட்டுகிறது. தொட்டியை எடுங்கள், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யுங்கள் என்கிறார் ஹவுஸ் ஓனர். நல்ல வால்வாக எதை வாங்கலாம்? (வாசகர், காட்பாடி)

பதில்: வேறு வால்வு வாங்காதீர்கள், முதலில் மேல் தொட்டியில் ரிட்டர்ன் பைப்பின் (பம்ப்பிலிருந்து மேலே போகும் பைப்) வாய் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று ஒரு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். உங்கள் பிரச்சினை முழுவதும் அந்த அளவில்தான் இருக்கிறது.

பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு தண்ணீர் மேலே போகிறதோ அவ்வளவும் ஓவர்ஃப்ளோ (மேல் தொட்டியில் தண்ணீர் வழிந்து கீழே இறங்கும் பெட்டி) வழியாகக் கீழே வந்துவிடும், அதனால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். பம்ப் நின்றதும் தண்ணீர் இரண்டு வழியாக இறங்கும். ஓவர்ஃப்ளோவின் பல் வெட்டுக்கு மேலே நிற்கும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் வடிந்து அதோடு நின்றுவிடும், அது பெரிய விஷயமில்லை. ரிட்டர்ன் பைப் அப்படி நிற்காது. பைப் முழுக்கத் தண்ணீர் இருக்கிறது, மேல் வாய் தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது, கீழ் முனை பம்ப் வழியாக சம்ப்பில் இருக்கிறது. மண்ணெண்ணெய் கேனில் ட்யூபை விட்டு ஒருமுறை உறிஞ்சிவிட்டால் பிறகு யாரும் தொடாமலே இறங்கிக்கொண்டிருக்குமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. மேல் வாய்க்குள் காற்று புகும்வரை நிற்காது. நின்றுபோன பம்ப் அதைத் தடுக்காது, நாம் வாங்கும் பம்ப்புகளில் இறக்கைகளுக்கு நடுவே தண்ணீர் தாராளமாகத் திரும்பி வரும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 4 அடிக்கு ஒன்றரை அடி தொட்டி என்றால் சுமார் 120 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம். 120 பெருக்கல் 45 என்றால் 5,400, அதாவது தண்ணீர் மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினாலே 5.4 லிட்டர். நிறையப் பேர் நீரோட்டம் நன்றாகச் சுற்றட்டும் என்று ரிட்டர்ன் வாயை 6 அங்குலம் ஆழத்தில் விட்டுவைக்கிறார்கள். 6 அங்குலம் என்றால் 15 சென்டிமீட்டர், 81 லிட்டர். சம்ப் பக்கம் வாருங்கள். 75 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் சம்ப்பில் 1 சென்டிமீட்டருக்கு 2.25 லிட்டர்தான் பிடிக்கும். சம்ப்பை அறைகளாகப் பிரிக்கும் தடுப்புக் கண்ணாடிகளுக்கு மேலே 13 சென்டிமீட்டர் காலியாக இருந்தால் 29 லிட்டர், பம்ப் இருக்கும் அறையில் மட்டம் கொஞ்சம் தாழ்ந்திருப்பதால் இன்னும் ஒரு 6 லிட்டர், மொத்தம் 35. மேலேயிருந்து வருவது 81, கீழே பிடிப்பது 35. மிச்சம் 46 லிட்டர் எங்கே போகும்? கீழ் வீட்டு சீலிங்குக்குத்தான்.

இப்போது அதே வாயை மேலே தூக்கி, தண்ணீர் மட்டத்துக்கு 2 சென்டிமீட்டர் கீழே மட்டும் இருக்கும்படி வையுங்கள். 2 சென்டிமீட்டர் இறங்கியதும் வாய்க்குள் காற்று புகுந்துவிடும். 11 லிட்டர், அதோடு பைப்பிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் இருப்பது ஒரு 3 லிட்டர், ஆக 14 லிட்டர். 35 லிட்டர் காலி இடத்தில் 14 லிட்டர் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். ஒரு ரூபாய் செலவில்லை. வாய் கீழ்நோக்கி வளைந்திருந்தால் அதன் நுனியிலிருந்து அளக்க வேண்டும், எல்போவிலிருந்து அல்ல.

வால்வு ஏன் கைவிட்டது என்று பார்ப்போம். உள்ளே இருப்பது ஒரு சின்ன மூடி, தண்ணீர் திரும்பும்போது அது போய் ரப்பரில் பொருந்தி உட்கார வேண்டும். அந்த இடத்தில் ஒரு மணல் துணுக்கு இருந்தாலும், வழுவழுப்பான பாசி படிந்தாலும், சுண்டைக்காய் அளவுகூட இல்லாத ஒரு குட்டி நத்தை ஏறி உட்கார்ந்தாலும் மூடி முழுதாக மூடாது. வேலூர்ப் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்கே தெரியும், குழாயிலும் பக்கெட்டிலும் படிகிற அதே வெள்ளை உப்பு அந்த மூடியின் கீலிலும் படிகிறது. நாள் முழுக்கத் திறந்த நிலையிலேயே நிற்கும் மூடி, அப்படியே இறுகிப்போகிறது. ஷட்டவுன் அன்று அது மூட வேண்டிய நேரத்தில் மூடாது. லேசாகக் கசிந்தால்கூடப் போதும், காலை 9 மணிக்குப் போன கரண்ட் மதியம் வருவதற்குள் சன்னமாக ஒழுகியே அத்தனையும் கீழே வந்துவிடும். இது அந்தக் கம்பெனி, இந்தக் கம்பெனி என்ற பிரச்சினையே இல்லை. மீன் தொட்டித் தண்ணீரில் வேலை செய்யும் எந்த வால்வுக்கும் ஒருநாள் இப்படி ஆகும்.

அதனால் வால்வை நம்பி சம்ப்பை நிரப்பக் கூடாது. கீழே இருக்கும் காலி இடம் மட்டும்தான் பழுதாகாது, சிக்காது, பாசி பிடிக்காது. வால்வு ஏற்கெனவே இருக்கிறதே, கழற்றிவிடவா என்றால், இருக்கட்டும், ஆனால் இரண்டு பக்கமும் யூனியன் (கையால் திருகிக் கழற்றும் இணைப்பு) போட்டுக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள். சொல்யூஷன் போட்டு நிரந்தரமாக ஒட்டிய வால்வு, கழுவவே முடியாத வால்வு. அதை இருந்தும் இல்லாததாகவே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாயை உயர்த்திய பிறகு ஒரு சோதனை பாக்கி இருக்கிறது, இதைச் செய்யாமல் நிம்மதியாக ஊருக்குப் போகாதீர்கள். நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் அதைக் கழற்றிவிட்டு அல்லது மூடியை வெளியே எடுத்துவிட்டு, பம்ப் ஓடும்போதே சம்ப்பில் வழக்கமான அளவு தண்ணீர் இருக்கும்படி செய்து, மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு மக்கும் பக்கெட்டும் வைத்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். மேலிருந்து வரும் சத்தம் முழுதாக அடங்கும்வரை பாருங்கள், பாதியில் போகாதீர்கள். சம்ப் விளிம்புக்கு 2 அங்குலம் கீழேயே நின்றுவிட்டதா, நல்லது. பம்ப்பைத் திரும்பப் போட்டு, மட்டம் நிலைத்ததும் பம்ப் அறையில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் கண்ணாடிக்கு வெளியே இன்சுலேஷன் டேப்பை ஒட்டுங்கள். பம்ப் ஓடும்போது அந்தக் கோட்டுக்கு மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள், தண்ணீர் ஊற்றுவது பெரும்பாலும் நீங்களாக இருக்க மாட்டீர்கள். விளிம்பை நெருங்கிவிட்டது என்றால் கோட்டை இன்னும் கீழே இறக்க வேண்டும், அல்லது பெரிய சம்ப் வேண்டும்.

பம்ப் மாற்றினாலும், பைப்பைக் கழற்றி மாட்டினாலும் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன் மாதிரி பெரிய மீன் வளர்க்கிறவர்கள் வாய் அசையாமல் கிளிப் போட்டு இறுக்கி வையுங்கள். அவை முட்டி முட்டி நாசிலைக் கீழே திருப்பிவிடும், நேற்று 2 சென்டிமீட்டரில் இருந்த வாய் இன்று 8 சென்டிமீட்டரில் இருக்கும், கரண்ட் போகும்வரை அது யார் கண்ணிலும் படாது.

ஹவுஸ் ஓனரைக் கூட்டிவந்து இந்தச் சோதனையை அவர் கண் முன்னால் செய்து காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அது வேலை செய்யும்.

கேள்வி: 3 அடி தொட்டியை ஆர்டர் கொடுத்துச் செய்தேன். ரிட்டர்ன் துளையைப் பின் கண்ணாடியில் பாதி உயரத்தில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பைப்பில் சின்னத் துளை போட்டால் திரும்பி வருவது நிற்கும் என்று நண்பர் சொன்னார். போட்டேன், முதலில் நின்றது, இப்போது நிற்பதில்லை. (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: உங்கள் தொட்டியில் வாய் தண்ணீர் மட்டத்துக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் கீழே இருக்கும் என்று எடுத்துக்கொண்டால், 90க்கு 45 தொட்டியில் 81 லிட்டர். காட்பாடி வாசகரின் பெரிய தொட்டியில் வந்த அதே அளவு உங்கள் சின்னத் தொட்டியிலிருந்து வருகிறது, அந்தத் துளை அவ்வளவு தாழ்வாக இருக்கிறது. கண்ணாடியை மாற்ற வேண்டாம். டேங்க் கனெக்டரின் உள்பக்கம் ஒரு எல்போ போட்டு, அதிலிருந்து பிவிசி பைப்பை மேலே ஏற்றி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வாய் முடியும்படி செய்துவிடுங்கள். துளை எங்கே இருக்கிறது என்பது முக்கியமில்லை, காற்று எந்த உயரத்தில் உள்ளே புகும் என்பதுதான் முக்கியம். உள்ளே போடும் இந்த பைப்பை மட்டும் சும்மா செருகி வைக்காதீர்கள், அது நழுவி விழுந்தால் பழைய கதைதான்.

நண்பர் சொன்ன துளை நல்ல யோசனை, ஆனால் எப்படிப் போட்டீர்கள் என்பது எழுதவில்லை. அநேகமாக 1 அல்லது 2 மில்லிமீட்டர் பிட்டில் போட்டிருப்பீர்கள். அது மிகச் சின்னது. அதன் வழியாகப் போகும் காற்று தண்ணீரோடு குமிழாகக் கலந்து போய்விடும், ஓட்டம் அறுபடாது. அதோடு, விளக்கு வெளிச்சம் நேராக விழும் இடம் என்பதால் அந்தத் துளையில்தான் முதலில் பாசி வளரும். 5 அல்லது 6 மில்லிமீட்டரில் இரண்டு துளையாகப் போடுங்கள், ஒன்று அடைத்தாலும் மற்றது இருக்கும். இடம், தண்ணீர் மட்டத்துக்கு 1 சென்டிமீட்டர் கீழே. மட்டத்துக்கு மேலே போட்டால் பம்ப் ஓடும்போது பீச்சியடித்து விளக்கும் மூடியும் நனையும், அதைச் சகிக்காமல் நாளைக்கு யாராவது டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள். வாரம் ஒருமுறை கண்ணாடி துடைக்கும்போது பல் குத்தும் குச்சியை உள்ளே விட்டு எடுங்கள். குச்சி நுனியில் பச்சையாகவோ பழுப்பாகவோ வழவழவென்று வந்தால், அந்தத் துளை மூடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

துளை இருந்தாலும் சம்ப்பில் காலி இடக் கணக்கைப் போடும்போது அது அடைத்துவிட்டதாகவே நினைத்துப் போடுங்கள். விரலால் இரண்டு துளையையும் பொத்திக்கொண்டு மெயினை ஆஃப் செய்து பார்க்கலாம், அப்போதும் சம்ப் வழியவில்லை என்றால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

கேள்வி: எனக்குத் தலைகீழ். கரண்ட் போகும்போது ஒன்றும் ஆவதில்லை, திரும்ப வந்ததும் மேல் தொட்டி வழிகிறது. துளை போடாத தொட்டி, பின்னால் தொங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி வைத்திருக்கிறேன். (வாசகர், குடியாத்தம்)

பதில்: அந்தப் பெட்டியில் தொட்டியையும் வெளிப் பெட்டியையும் இணைக்கும் வளைந்த குழாய் இருக்கிறது இல்லையா, அதுவும் மேலே சொன்ன மண்ணெண்ணெய் ட்யூப் மாதிரி ஒரு சைஃபன்தான். அதற்குள் எப்போதும் தண்ணீர் நிறைந்திருந்தால்தான் வேலை செய்யும். ஓடும்போது வரும் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் மேல் வளைவில் சேர்ந்துகொண்டே போகும், கரண்ட் போய் ஓட்டம் நின்ற நேரத்தில் அந்தக் காற்று மிச்சத் தண்ணீரையும் அறுத்துவிடும். கரண்ட் வந்ததும் பம்ப் கடமையாக மேலே தள்ளுகிறது, கீழே வர வழியில்லை.

இதற்கு ஓர் எல்லை இருக்கிறது, அதை நம் பக்கம் சாதகமாக வைத்துக்கொள்ளலாம். பம்ப் தன் அறையில் இருக்கும் தண்ணீரை மட்டும்தான் மேலே தள்ள முடியும். அந்த அறை 25க்கு 30 சென்டிமீட்டர், தண்ணீர் 20 சென்டிமீட்டர் உயரம் என்றால் 15 லிட்டர். மேல் தொட்டி 4 அடி என்றால் விளிம்புக்குக் கீழே 3 சென்டிமீட்டர் காலியாக விட்டால் 16 லிட்டர் பிடிக்கும், வழியாது. 2 சென்டிமீட்டர்தான் விட்டிருக்கிறீர்கள் என்றால் 11 லிட்டர்தான், மிச்சம் தரையில். உங்கள் தொட்டி அளவு எழுதவில்லை, நீங்களே பெருக்கிப் பாருங்கள். பம்ப் அறை பெரிதாக இருந்தால் நடுவில் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிச் சின்னதாக்குங்கள். பம்ப் தண்ணீரில்லாமல் ஓடிக் கருகாமல் இருக்க ஒரு ஃப்ளோட் ஸ்விட்சும் போடலாம்.

நேராகச் சொன்னால், தொங்கும் பெட்டியை எனக்குப் பிடிக்காது. மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி வைத்துவிட்டு, கண்ணாடி அறுக்கிறவரிடம் டைமண்ட் பிட் வைத்துப் பின் கண்ணாடியில் துளை போட்டு, பக்காவாக ஓவர்ஃப்ளோ செய்துகொள்வதுதான் தீர்வு. டஃபண்ட் (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடியாக இருந்தால் துளை போடக் கூடாது, மொத்தமும் நொறுங்கிவிடும், முதலில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள். துளை போடுவதென்று இறங்கிவிட்டால் இரண்டாகப் போடுங்கள். ஒன்று வழக்கமாக வடிவதற்கு, இன்னொன்று அதைவிட ஓர் அங்குலம் உயரத்தில், எந்த வால்வும் இல்லாமல், சாதாரண நாளில் ஒரு சொட்டுக்கூடப் போகாத அவசரக் குழாய். இலையோ நத்தையோ செத்த மீனோ முதல் குழாயை அடைத்த அன்றைக்கு அதில் சலசலவென்று சத்தம் வரும், அந்தச் சத்தமே உங்களுக்கு எச்சரிக்கை. இரண்டாவது குழாய் இல்லாத தொட்டியில், சத்தத்தைக் குறைக்கிறேன் என்று இருக்கிற ஒரே வடிகுழாயில் வால்வு வைத்து இறுக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பம்ப்பை இன்வெர்ட்டரில் போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே? (வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: மீன்களுக்காக இன்வெர்ட்டரில் போடுங்கள், நல்லதுதான். நம் மே மாத வெயிலில் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, ஓட்டம் நின்றால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஆனால் வெள்ளத்துக்கு அது மருந்தல்ல. பேட்டரி தீர்ந்துபோகும், ஃபியூஸ் போகும், பம்ப்பின் இறக்கையில் ஒரு நத்தை ஓடு சிக்கி மோட்டார் நிற்கும், வீட்டில் யாராவது தெரியாமல் பிளக்கைப் பிடுங்குவார்கள். இத்தனையிலும் தண்ணீர் திரும்பி இறங்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர் விஷயம். பல வீடுகளில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஸ்டாண்டுக்குள், சம்ப்புக்குப் பக்கத்தில் தரையிலேயே கிடக்கிறது. சம்ப் வழிந்தால் தண்ணீர் முதலில் போகும் இடம் அதுதான். அதைத் தூக்கிச் சுவரில் உயரமாக, தொட்டிக்குப் பக்கவாட்டில் மாட்டுங்கள். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலே ஏறட்டும், ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் ஸ்விட்ச்) இல்லாத வீட்டில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இந்த வாரமே போட்டுவிடுங்கள். தரை நனைந்திருந்தால் முதலில் மெயினை அணையுங்கள், அப்புறம் மாப்பை எடுங்கள்.

கேள்வி: வெயில் காலத்தில் சம்ப்பில் தண்ணீர் தினமும் குறைகிறது. அடிக்கடி ஊற்ற வேண்டாமே என்று காலையில் சம்ப்பை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பிவிடுகிறேன். அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போனால் வழிகிறது, மற்ற நாளில் இல்லை. என் கணவர் சம்ப் கீறிவிட்டது என்கிறார். (வாசகி, ஆரணி)

பதில்: சம்ப் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. மேல் தொட்டி மட்டம் ஓவர்ஃப்ளோ உயரத்தில் நிற்கும், சம்ப்பின் மற்ற அறைகள் தடுப்புக் கண்ணாடி உயரத்தில் நிற்கும், அதனால் மொத்தத் தொட்டியிலிருந்தும் ஆவியாகிப் போவதெல்லாம் பம்ப் இருக்கும் கடைசி அறையில் மட்டும்தான் குறைவாகத் தெரியும். பார்ப்பதற்கு நிறையக் குறைந்ததுபோல இருக்கும், உண்மையில் சில லிட்டர்தான். நீங்கள் நிரப்பும் அந்த இடம் கரண்ட் போகும்போது திரும்பி வரும் தண்ணீருக்கு ஒதுக்கிய இடம். மேலே காட்பாடி வாசகருக்குச் சொன்ன சோதனையைச் செய்து கோடு போடுங்கள், கோடு வரைக்கும் மட்டும் ஊற்றுங்கள். இன்னொரு கோடு கீழேயும் போட்டுக்கொள்ளுங்கள், பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கும் மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். அக்னி நட்சத்திர நாட்களில் தொட்டி மேல் ஃபேனும் ஓடினால் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை ஊற்ற வேண்டிவரலாம், அதற்கு வேறு வழியில்லை.

வழியுண்டு என்று தானாகத் தண்ணீர் விடும் ஃப்ளோட் வால்வை மொட்டை மாடி டேங்க்கோடு இணைத்துத் தருவார்கள். வேண்டாம். அந்த ஃப்ளோட் ஒருநாள் சிக்கினால் மாடியில் இருக்கும் 1,000 லிட்டரும் உங்கள் ஹாலுக்கு வரும். 10 லிட்டர் கேன் ஒன்றைத் தரையில் வைத்து, சின்ன பம்ப்பால் விடுவதுபோல அமைத்தால், எது கெட்டாலும் வருவது 10 லிட்டர்தான், அந்த 10 லிட்டரையும் சேர்த்துக் காலி இடம் விட்டால் போதும். அந்தக் கேனிலிருந்து வரும் ட்யூபின் முனை சம்ப் தண்ணீருக்குள் மூழ்கவே கூடாது, விளிம்போரம் மேலே கிளிப் போடுங்கள். மூழ்கினால், கேன் மட்டம் சம்ப் மட்டத்தைவிட உயரமாக இருக்கும்வரை சின்ன பம்ப் நின்ற பிறகும் கேன் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். மேல் தொட்டியில் பார்த்த அதே வேலைதான், ட்யூப் மட்டும் சின்னது.

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே தங்கும். தினமும் போர் தண்ணீரையே ஊற்றினால் தொட்டித் தண்ணீர் மேலும் மேலும் கடினமாகும். குறைந்த தண்ணீரை ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீரோ சேமித்த மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள், வாராவாரம் தண்ணீர் மாற்றுவதை விடாமல் செய்யுங்கள்.

கேள்வி: சம்ப் எல்லாம் இல்லை, 2 அடி தொட்டி, கோல்டு ஃபிஷ். ஏர் பம்ப்பைத் தரையில் வைத்திருந்தேன். கரண்ட் போய் வந்த பிறகு பம்ப்புக்குள் தண்ணீர், பக்கத்தில் தரையிலும் தண்ணீர். (வாசகர், ஆம்பூர்)

பதில்: காற்று போகிற ட்யூபிலேயே தண்ணீர் திரும்பி வந்திருக்கிறது. ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிடுங்கள், முடிந்தது. இடமில்லை என்றால் ட்யூபின் நடுவே சின்ன பிளாஸ்டிக் செக் வால்வு போடலாம், அம்புக்குறி தொட்டியைப் பார்த்து இருக்கட்டும். வாயால் இரண்டு பக்கமும் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும்தான் காற்று போக வேண்டும். விலை குறைவுதான், வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பம்ப்பைப் பிளக்கிலிருந்து எடுத்து நன்றாகக் காயவைத்த பிறகே போடுங்கள்.

கேள்வி: தண்ணீர் மாற்றும்போது குழாயில் ஹோஸ் மாட்டி முனையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பேன். ஒருநாள் குழாயில் தண்ணீர் நின்றுபோய், பார்த்தால் தொட்டி பாதிக்கு மேல் காலி. எங்கே போயிற்று? தரையில் ஒரு சொட்டு இல்லை. (வாசகி, வாணியம்பாடி)

பதில்: இத்தனை கேள்விகளில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். குழாய்க்குள் திரும்பிப் போயிருக்கிறது. லைனில் தண்ணீர் நின்றதும் உள்ளே அழுத்தம் போய்விடும், உங்கள் தொட்டி குழாயை விட உயரத்தில் இருந்தாலோ, கீழே வேறு யாராவது குழாயைத் திறந்தாலோ, பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டு உறிஞ்சினாலோ, மீன் தொட்டித் தண்ணீர் அந்த ஹோஸ் வழியாகவே லைனுக்குள் இறங்கும். மீன் கழிவும், ஒருவேளை அந்த வாரம் போட்ட மருந்தும் சேர்ந்த தண்ணீர். அடுத்தமுறை குழாயைத் திறக்கும்போது முதலில் வருவது அதுதான். மாடி டேங்க்கிலிருந்து வரும் குழாயானாலும், குடிநீர் வரும் தெருக் குழாயானாலும் இது ஒன்றுதான், தெருக் குழாய் என்றால் பாதிப்பு உங்கள் வீட்டோடு நிற்காது.

இப்போதைக்கு அந்த லைனில் இருக்கும் எல்லாக் குழாயையும் திறந்து சில நிமிடம் தண்ணீரை விட்டுக் கழுவிவிடுங்கள், குடிக்க எடுப்பது காய்ச்சியதாக இருக்கட்டும். தெருக் குழாயில் நடந்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொல்லுங்கள், நகராட்சி அலுவலகத்திலும் சொல்லிவிடுங்கள். இனிமேல் ஹோஸ் முனை தொட்டித் தண்ணீரைத் தொடவே கூடாது, விளிம்புக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் துணி கிளிப் போட்டுப் பிடித்து வையுங்கள், அல்லது பக்கெட்டில் பிடித்து ஊற்றுங்கள். பக்கெட்டில் பிடித்தால் குளோரின் போவதற்கு ஒருநாள் திறந்து வைக்கவும் வசதி, மீனுக்கும் அதுதான் நல்லது. பக்கெட்டில் பிடிக்கும்போதும் ஹோஸை உள்ளே அமுக்கி வைக்காதீர்கள்.